கல்லும் கூடையும்: மயிலை மாட வீதிகளைக் காப்பது குறித்து

ஓர் ஊர்ப்பகுதி எவ்வாறு மறைகிறது என்பதைக் கோடம்பாக்கத்தில் வாழ்வோர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அண்ணா மேம்பாலம் 1973-இல் திறக்கப்பட்டது. ஆயினும் இன்றளவும் பேருந்தில் ஏறி 'ஜெமினி ஒன்று' என்றுதான் சீட்டுக் கேட்கிறோம். எஸ்.எஸ். வாசனின் படப்பிடிப்பு நிலையம் அவ்விடத்தில் இல்லை. அதன் பெயர் மட்டும் நடத்துநர் வாயில் வாழ்கிறது. வடபழனியில் பி. நாகிரெட்டியின் விஜயா வாகினி நிலையம் ஆசியாவிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று எனப் பேசப்பட்டது. அந்த மண்ணில் இன்று மருத்துவமனையும் வணிக வளாகமும் நிற்கின்றன. 1948-இல் காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்திற்குப் பெயர்ந்த ஏவி.எம். நிலையம் 2023-இல் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தது. பழைய படக்கருவிகளும் மகிழுந்துகளும் அங்கே பேணப்படுகின்றன. அம்முயற்சியைப் பாராட்டுகிறோம்.

ஆனால் கோடம்பாக்கம் என்பது கருவிகள் மட்டுமா? அரங்கம் அமைத்த தச்சர், உடை தைத்த தையற்காரர், ஒப்பனையாளர், துணை நடிகர், பாட்டெழுதும் கனவோடு வந்து விடுதி அறையில் நால்வராய்த் தங்கியவர், அவர்களுக்குக் கடனுக்குச் சோறு போட்ட மெஸ்காரர் ஆகிய இத்தனை பேரும் சேர்ந்ததுதான் கோடம்பாக்கம். படத்தொழில் இடம்பெயர்ந்தபோது இவர்களுக்கென ஒரு திட்டமும் இல்லை. நிலத்தை விற்றவர்களைக் குறை கூற நாம் வரவில்லை. அது அவர்கள் சொத்து. இந்தப் பகுதியில் எது நிலைக்க வேண்டும் என்று பகுதி மக்களை எவரும் கேட்டதில்லை என்பதே நம் வருத்தம். கேட்டிருந்தாலும் விடை சொல்ல அன்று நமக்கு ஓர் அவையில்லை.

பழங்கதையை இன்று பேசுவதற்குக் காரணம் உண்டு. கலங்கரை விளக்கத்திலிருந்து பூவிருந்தவல்லி வரை அமைக்கப்படும் மெட்ரோ வழித்தடம் திருமயிலை, பனகல் பூங்கா, கோடம்பாக்கம், வடபழனி ஆகியவற்றை ஒரே கோட்டில் இணைக்கிறது. சென்னைப் பகுதிகள் மாறும் விதத்திற்கு மூன்று சான்றுகள் இந்த ஒரு கோட்டிலேயே இருக்கின்றன. கோடம்பாக்கம், திட்டமே இல்லாமல் மாறியது. தியாகராய நகர், மேலிருந்து இட்ட திட்டத்தால் மாறியது. மயிலை இன்னும் முழுதாக மாறவில்லை. அங்கே மட்டுமாவது நாம் காலத்தே பேசியாக வேண்டும்.

தியாகராய நகரை முதலில் பார்ப்போம். 1920-களில் நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், பெரிய ஏரியொன்றைத் தூர்த்து வகுத்த நகர் அது. பிறப்பிலேயே திட்டம் கண்ட பகுதி என்பதாலோ என்னவோ, 2016-இல் சென்னை சீர்மிகு நகரத் திட்டத்தில் இடம்பெற்றபோது அப்பகுதியே தேர்ந்தெடுக்கப்பட்டது. பாண்டி பசார் என்று நாம் அழைக்கும் தியாகராயர் சாலையில் 2019 நவம்பரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. முதியோர் அமர இருக்கைகளும் குழந்தைகள் அச்சமின்றி நடக்க இடமும் கிடைத்தன. இவை சிறிய நன்மைகள் அல்ல. வண்டிக்கே உரியதாகிவிட்ட வீதியை மனிதருக்கு மீட்டுக் கொடுத்த செயல் அது.

ஆனால் அவ்வீதியின் நடைபாதையில் வளையலும் ரிப்பனும் சீப்பும் விற்று வந்த வணிகர்கள் 2013-இலேயே ஒரு மாடிக் கட்டடத்திற்கு மாற்றப்பட்டுவிட்டனர். நடந்துபோகிறவர் கண்ணில் படுவதால் விற்பனையாகும் பொருளை மாடிக்கு ஏற்றினால் என்ன ஆகும் என்பதை அறிய வணிகவியல் பட்டம் தேவையில்லை. வீதி அகன்றது, வீதியைத் தம் தொழிலால் கலகலப்பாக வைத்திருந்தோர் அதில் இல்லை. அழகிய நடைபாதையில் நடக்கும்போது நமக்குத் தோன்றும் வெறுமைக்கு இதுவே காரணம் என எண்ணுகிறோம்.

இனி மயிலைக்கு வருவோம். 'மயிலாப்பூரின் மரபைக் காக்க வேண்டும்' என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எது அந்த மரபு என்று கேட்டால்தான் குழப்பம் தொடங்குகிறது. கோபுரம், குளம், பழைய ஓட்டு வீடுகள், 1516-ஆம் ஆண்டைச் சுட்டும் கல்வெட்டுடைய லஸ் தேவாலயம் என்று கட்டடங்களையே நாம் எண்ணத் தொடங்குகிறோம். இலக்கியம் வேறு விடை தருகிறது.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைத் திருப்பதிகம் மயிலையின் மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்று. அதில் அவர் மதிலையும் கோபுரத்தையும் முன்னிறுத்தவில்லை. திங்கள்தோறும் வரும் விழாக்களை அடுக்குகிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என ஆண்டு முழுவதும் ஊர் கூடும் நாள்களே அவருக்கு மயிலை. அவற்றைக் காணாமல் போகலாமா என்பதே இறந்த பெண்ணிடம் அவர் எழுப்பும் கேள்வி. உயிரை மீட்க அவர் கருதிய காரணம் ஊரின் கட்டடம் அன்று, ஊரின் கூட்டம்.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. இன்றுள்ள கபாலீசுவரர் கோயில் சம்பந்தர் கண்ட கோயில் அன்று. பழைய கோயில் கடற்கரையில் இருந்தது என்பதும், போர்த்துகீசியர் காலத்திற்குப் பின்னரே இன்றைய இடத்தில் கோயில் எழுந்தது என்பதும் ஆய்வாளர் பலரும் ஏற்கும் செய்தி. குளத்திற்கான நிலம் ஆற்காட்டு நவாப் வழங்கியது என்றும், அதனாலேயே முகரம் நாளில் இசுலாமியர் அக்குளத்திற்கு வரும் உரிமை பெற்றனர் என்றும் கூறுவர். ஆக, கல் இடம் மாறியிருக்கிறது, ஆட்சிகள் மாறியிருக்கின்றன. விழாவும் அதற்கெனக் கூடும் மக்களும் அந்த மக்களுக்கு வேண்டிய பூவும் பழமும் விற்கும் அங்காடியும் கோயிலோடு நடந்து வந்து புதிய இடத்தில் ஊன்றிக்கொண்டன. மயிலையில் தொடர்ச்சி என்பது கல்லில் மட்டும் இல்லை, கூடையிலும் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையை வகுப்பில் நடத்துந்தோறும் மாணவர் வியப்பது ஒன்று உண்டு. புகார் நகரை அறிமுகம் செய்யும் இளங்கோவடிகள் அரசர் வீதியைச் சொல்வதற்கு முன்பே பிட்டும் அப்பமும் விற்போர், மீன் விற்போர், உப்பு விற்போர், வெற்றிலை விற்போர், பூவும் சுண்ணமும் விற்போர் என மருவூர்ப்பாக்கத்து மாந்தரைத் தொழில் தொழிலாக எண்ணிக் காட்டுகிறார். மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையில், மரங்களின் நிழலில் இருந்தது நாளங்காடி. மதுரைக்காஞ்சி பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் தனித்தனியே பாடுகிறது. தெரு வணிகரை 'ஆக்கிரமிப்பு' என்னும் ஒரு சொல்லால் துடைத்தெறியும் பார்வை நம் இலக்கியத்தில் இல்லை. அது நாம் பின்னாளில் கற்றுக்கொண்ட பார்வை.

தெற்கு மாட வீதியின் காய்கறிக் கடைகளும், கிழக்குக் கோபுரத்தின் முன் பூத்தொடுக்கும் பெண்களும், நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதியில் வரிசையாய் அமரும் கொலுப் பொம்மைகளும், சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரும் வண்ணக் குடையும், பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சட்கொத்துமாக அவ்வீதிகள் மாதந்தோறும் முகம் மாறுகின்றன. பங்குனியில் அறுபத்துமூவர் விழாவன்று அதே வீதிகள் முழங்கால் வைக்க இடமின்றி நிறைகின்றன. சம்பந்தரின் பட்டியல் இன்றும் தொடர்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? நாள்காட்டியைப் பாராமலேயே மாட வீதிக் கூடைகளைப் பார்த்து மாதத்தைச் சொல்லிவிடலாம்.

இந்த வீதிகளை இப்போது மூன்று நெருக்கடிகள் சூழ்கின்றன.

முதலாவது, நிலத்தின் விலை. ஒரு மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்று சொல்வது தளப்பரப்புக் குறியீடு. 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் அதனை 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின. மெட்ரோ வழித்தடங்களை ஒட்டிக் கட்டணம் செலுத்திக் கூடுதல் தளம் பெறும் வழியும் உண்டு. திருமயிலையில் இரண்டு மெட்ரோ வழித்தடங்கள் சந்திக்கவிருக்கின்றன. திண்ணையும் முற்றமும் உடைய ஓர் ஓட்டு வீடு, கணக்குப்படி, கட்டாமல் விட்ட பணம்.

இரண்டாவது, பாகப்பிரிவினை. ஒரு வீட்டுக்கு நான்கு வாரிசுகள், அவர்களில் இருவர் அயல்நாட்டில் என்றால், வீட்டை விற்பதே தகராறின்றிப் பிரிந்துகொள்ள எளிய வழி. அவர்களை மரபின் பகைவர் என்று ஏசுவது அறமன்று.

மூன்றாவது, அழகுபடுத்தல். ஒரே நிறக் கல் பாவிய நடைபாதை, அலங்கார விளக்கு, ஒரே அளவுப் பெயர்ப்பலகை என்று வரைபடத்தில் கண்ணைக் கவரும் திட்டம் எளிதில் வரையப்படும். அந்தப் படத்தில் கீரைக்காரப் பெண்ணுக்கு இடம் இராது. முன்னிரண்டும் வீட்டை இழக்கச் செய்யும். மூன்றாவது வீதியை இழக்கச் செய்யும்.

இவற்றை எதிர்கொள்ளச் சட்டம் இல்லையா? உண்டு. ஒன்றன்று, மூன்று உள்ளன. ஆனால் அவை மூன்று வெவ்வேறு கோப்புகளில் உறங்குகின்றன.

முதலாவது கட்டட மரபு பற்றியது. அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் பணி 2006-இல் தொடங்கியபோது, இன்டாக் அமைப்பு நீதிமன்றம் சென்றது. 2010-இல் சென்னை உயர்நீதிமன்றம் அக்கட்டடத்தைக் காக்கும் தீர்ப்பை வழங்கியது. நீதியரசர் பத்மநாபன் குழு தொகுத்த நானூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களின் பட்டியலுக்கும் அத்தீர்ப்பு வலிமை சேர்த்தது. 2012-இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அச்சட்டம் நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. பாரத் கட்டடமோ தீர்ப்புக்குப் பின்னும் பல்லாண்டுகள் பூட்டிச் சிதைந்து கிடந்தது. இடிக்காதே என்று தடுப்பது வேறு, வாழவைப்பது வேறு என்பதற்கு அதனினும் தெளிவான பாடம் இல்லை.

இரண்டாவது, 2014-ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம். இதன்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வணிகர்களே தேர்ந்தெடுத்த வணிகர்களாக இருத்தல் வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். இச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பலரும் கவனியாத ஒரு வரி இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வணிகர் கூடி விற்று வரும் இயற்கைச் சந்தைகள் மரபுச் சந்தைகளாக அறிவிக்கப்பட வேண்டும்; அங்குள்ள வணிகரை இடம் மாற்றலாகாது என்பதே அது. மரபு என்னும் சொல்லைக் கல்லுக்கு மட்டுமன்றிக் கூடைக்கும் உரியதாக்கிய வரி இது. மாட வீதிச் சந்தைக்கு ஐம்பது வயது ஆயிற்றா என்று எவரேனும் ஐயுற்றால், அவ்வீதிகளில் வளர்ந்த எந்தப் பாட்டியையும் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது, மக்கள் அவை. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வார்டு குழுக்களுக்கு வழி செய்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2022-இல்தான் தமிழக நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் உருப்பெற்றன. தெருவிளக்கும் குப்பையும் அங்கே பேசப்படுவது நன்று. ஆனால் வீதியின் எதிர்காலமும் பேசப்படலாம் என்பதை நாம் இன்னும் உணரவில்லை.

நம் கருத்து இதுதான்: இம்மூன்று சட்டங்களையும் நான்கு மாட வீதிகளில் ஒருசேரப் பொருத்திப் பார்க்க வேண்டும். கோபுரத்தையும் குளத்தையும் அறநிலையத்துறையும், நடைபாதையை மாநகராட்சியும், கட்டட அனுமதியைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும், நிலத்தடியை மெட்ரோவும் தனித்தனியே ஆளும்வரை, எவர் நல்லது செய்தாலும் அது மற்றவருக்குத் தொல்லையாகவே முடியும்.

மறுப்புரைகளையும் கேட்போம். 'கடைகள் நடைபாதையை அடைத்தால் முதியோர் எங்கே நடப்பது?' என்பர். நேர்மையான கேள்வி. ஆனால் மாட வீதியில் நடப்பவரைச் சாலைக்குத் தள்ளுவது கீரைக்கூடை மட்டும்தானா? நின்றிருக்கும் ஒரு மகிழுந்து பிடிக்கும் இடத்தில் நான்கு கூடைகள் வைக்கலாம். அந்த நான்கு கூடைகள் நான்கு குடும்பங்களைக் காக்கும். மகிழுந்து தன் உரிமையாளர் கோயிலை வலம்வரும்வரை வெறுமனே நிற்கும். அளந்து, கோடிட்டு, நடப்பவருக்கும் விற்பவருக்கும் பங்கிட்டபின், எஞ்சும் இடம் இருந்தால் வண்டிக்குத் தரலாம். இந்த வரிசையை மாற்றிப் போட்டதே நம் பிழை.

'பழைய வீட்டைக் காக்கச் சொல்கிறீர்கள், செலவை யார் தருவது?' என்பர். இதுவும் நியாயமே. மும்பையில் 1995-இல் வந்த மரபு விதிகள், பட்டியலிட்ட கட்டடத்தின் மேல் எழுப்ப முடியாமற்போன தளங்களின் உரிமையை நகரின் வேறிடத்தில் கட்டுவோருக்கு விற்கும் வழியைக் காட்டின. புதுச்சேரியில் வைசியாள் வீதி எனப்படும் கால்வே சுப்பராயச் செட்டி வீதியில், ஐரோப்பிய நிதியுதவியுடன் 2000-களின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பில், வீட்டு முகப்பைப் புதுப்பிக்கும் செலவில் ஒரு பங்கைத் திட்டமே ஏற்றது. திண்ணையும் தாழ்வாரமும் மீண்டன. குடியிருந்தோர் அங்கேயே குடியிருந்தனர். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது அவ்வீதிக்குக் கிடைத்தது. சென்னையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் இவ்வெடுத்துக்காட்டை விட்டு நாம் ஐரோப்பாவைத் தேடிப் போக வேண்டியதில்லை.

எதிர்மறைப் பாடத்தையும் தமிழர் வாழும் ஊரிலிருந்தே பெறலாம். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நம்மவர் கடைவீதி உண்டு. 1833-இல் தோன்றிய மகாமாரியம்மன் கோயிலும் உண்டு. அங்கே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த சிறு கைவினைஞரும் வணிகரும் உயர்ந்த வாடகை தாளாது வெளியேறினர். 2008-இல் உலக மரபுத் தகுதி கிடைத்தது, கட்டடங்கள் பொலிந்தன, பழைய கடைவீடுகள் பலவற்றில் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. சுவர் காக்கப்பட்டது, சுவருக்குள் இருந்தவர் காக்கப்படவில்லை. மயிலைக்கு அந்நிலை வரலாகாது.

மற்றொரு மறுப்பை நாமே எழுப்ப வேண்டும். மயிலையின் பழமை என்றதும் அக்கிரகாரத் திண்ணையும் பித்தளைச் சொம்பும் காப்பி மணமும் என்று ஓர் ஏக்கம் கிளம்பிவிடுகிறது. அந்தத் திண்ணையில் எல்லோரும் அமர முடிந்ததா? எந்த வீதியில் எவர் நடக்கலாம், எவர் குடியிருக்கலாம் என்று பிறப்பைப் பார்த்த காலமும் அந்தப் பழமைக்குள்தான் இருக்கிறது. அதனை மீட்பது மரபு காத்தல் ஆகாது. மயிலை என்பது மாட வீதி மட்டுமன்று. முண்டகக்கண்ணியம்மன் கோயில் தெருவும், சாந்தோம் தேவாலயமும், கடலோர மீனவர் குப்பங்களும், கச்சேரி சாலைப் பள்ளிவாசலும் சேர்ந்ததே மயிலை. பாதுகாப்பு என்பது யாரேனும் சிலரின் இளமை நினைவுக்குக் கண்ணாடி போடுவதாக இருந்தால், பூக்காரப் பெண்ணுக்கு அதில் என்ன அக்கறை இருக்க முடியும்? திட்டம் வகுக்கும் அவையில் அவருக்கு ஓர் இருக்கை இருந்தாலொழிய இக்குறை தீராது.

ஆகவே நாம் கேட்பவை சில. மாட வீதிச் சந்தையை மரபுச் சந்தையாக அறிவிக்க வேண்டும். வீதியில் உள்ள ஒவ்வொரு வணிகரையும் ஒவ்வொரு பழைய வீட்டையும் ஒரே ஏட்டில் கணக்கெடுக்க வேண்டும். இப்பணிக்குக் கல்லூரி மாணவரும் பகுதிக் குடியிருப்போரும் கைகொடுக்கலாம். மெட்ரோ நிலையத்தின் வாயில்கள் திறக்குமுன் அவற்றின் முன்னுள்ள இடத்தில் யார் நிற்பது என்பதைப் பகுதி சபையில் பேசி முடிவு செய்ய வேண்டும். சரக்கு வண்டிகள் வந்துபோகும் நேரத்தை வணிகரோடு கலந்து வரையறுக்க வேண்டும். பழைய வீட்டைப் பேண முன்வருவோர்க்குப் பொருளுதவியும் தள உரிமையை மாற்றும் வழியும் வேண்டும். அவ்வீட்டில் வாடகைக்கு இருப்போரை வெளியேற்றாமை அதற்கு நிபந்தனையாக வேண்டும். சென்னையின் இரண்டாம் பெருந்திட்டம் 2026 வரைக்குமானது. அதனைத் தொடரும் மூன்றாம் பெருந்திட்டத்தில் மயிலைக்கெனத் தனியொரு பகுதித் திட்டம் இடம்பெற வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெரும் பொருட்செலவு கோருவதன்று. ஒரு மேம்பாலத்தின் செலவில் பல மாட வீதிகளைப் பேணலாம். தேவைப்படுவது, முடிவு செய்தபின் மக்களுக்கு அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, முடிவு செய்யுமுன் மக்களைக் கேட்கும் பொறுமை.

கோடம்பாக்கத்தில் நம்மை எவரும் கேட்கவில்லை. நாமும் வாய் திறக்கவில்லை. அதன் விளைவாகப் படப்பிடிப்பு நிலையங்களின் பெயர்களைப் பேருந்து நிறுத்தங்களில் மட்டும் உச்சரித்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் சில ஆண்டுகளில் கோடம்பாக்கத்தில் மெட்ரோ ஏறித் திருமயிலையில் இறங்கி, படியேறி வெளியே வருவோம். அப்போது நிலையத்தின் பெயரன்றி மயிலையும் அங்கே இருக்க வேண்டும். வாயிலருகே ஒரு கூடையில் மல்லிகை இருக்க வேண்டும். அதை முழம்போட்டுத் தருகிற பெண், நேற்றும் அங்கேயே இருந்தவராக இருக்க வேண்டும்.